மண்ணுக்கடியில் கசிந்த ரசாயனம் கிணற்றுக்கு வருமா? கணினிக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

ஆற்றில் ரசாயனம் கலந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். வாடை வரும், மீன் செத்து மிதக்கும், நீர் சுத்திகரிப்பு ஆலையை மூடுவார்கள், உங்கள் வீட்டுக் குழாயும் நின்றுபோகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிலத்தடி நீரில் கலந்தால்? பல நேரங்களில் நிறம் மாறாது, வாடையும் இருக்காது. ரசாயனம் மண்ணுக்குள் நாளுக்குச் சில சென்டிமீட்டர் என்று ஊர்ந்து, கசிந்து 10 ஆண்டுகள் கழித்துக்கூட அடுத்த தெருக் கிணற்றில் தலைகாட்டலாம். அதற்குள் கசியவிட்ட கடையையே மூடியிருப்பார்கள்.

நம் நாட்டில் பெரும்பாலான மாநிலங்கள் ஆற்று நீரையும் அணை நீரையும் நம்பியிருக்கின்றன. கிளந்தான் விதிவிலக்கு. கோத்தா பாருவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் குழாயில் வரும் நீரில் கணிசமான பங்கு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. மற்ற மாநிலங்களிலும் கம்போங்கிலோ தோட்டப்புறத்திலோ கிணற்று நீரைப் பயன்படுத்தும் குடும்பங்கள் உண்டு.

பெட்ரோல் நிலையத்தின் நிலத்தடித் தொட்டி ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது மூடப்பட்ட குப்பைமேட்டிலிருந்து கழிவுநீர் இறங்குகிறது. உடனே எழும் கேள்விகள் மூன்று: அது எந்தப் பக்கம் போகும்? எப்போது வந்து சேரும்? வந்து சேர்வதற்குள் சிதைந்து ஒன்றுமில்லாமல் போய்விடுமா?

எல்லா இடத்திலும் துளை போட்டுப் பார்க்க முடியாது. துளைக்குக் காசு ஆகும், சோதனைக்கும் காசு ஆகும். அதனால் கணினியில் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்குப் பெயர்தான் 'கணினி மாதிரி'. சுற்றுச்சூழல் அறிக்கைகளில் "கணினி மாதிரியின்படி அருகிலுள்ள கிணறுகளுக்குப் பாதிப்பு இல்லை" என்ற ஒரு வரியாக அது வந்து நிற்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மண்ணுக்குள் நீர் எப்படி ஓடுகிறது?

நிலத்தடி நீர் என்றதும் பலர் மனத்தில் பூமிக்குள் ஓர் ஆறு ஓடுகிற படம் வரும். சுண்ணாம்புக் குகை உள்ள இடங்களில் அப்படி உண்டுதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் நீர் மணல் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில் நிறைந்து நிற்கிறது. நிற்கிறது என்றுகூடச் சொல்லக்கூடாது; மெதுவாக நகர்கிறது.

எவ்வளவு மெதுவாக என்று கணக்கிட வழி காட்டியவர் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திச் சோதித்து 1856இல் அவர் வெளியிட்ட விதிதான் இன்றைய கணினி மாதிரிகளுக்கும் அடித்தளம். சொல்வது சுலபம்: நீர்மட்டத்தின் சரிவு கூடினால் ஓட்டம் கூடும், மண் எவ்வளவு நீரை விடுகிறதோ அந்த அளவுக்கு ஓட்டம் இருக்கும். மணல் நிறைய விடும், களிமண் அநேகமாக விடவே விடாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு கிலோமீட்டருக்கு 2 மீட்டர் நீர்மட்டச் சரிவு. நாளொன்றுக்கு 20 மீட்டர் என்ற அளவில் நீரை விடக்கூடிய மணல். மணலின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு சந்து. இவற்றைப் போட்டால் நீர் நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் நகரும். 300 மீட்டர் தள்ளியுள்ள கிணற்றை அடைய 1,500 நாள், அதாவது நான்கு ஆண்டுக்குச் சற்று மேல்.

நீருக்குத்தான் நான்கு ஆண்டு. ரசாயனத்துக்கு அதே கணக்கு பொருந்தாது.

தைப்பூசக் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் கிளம்புகிறது. பின்னாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் பத்துமலைக்கு நடக்கிறார்கள். ஒன்றாகக் கிளம்பிய கூட்டம் ஒன்றாகவா போய்ச் சேருகிறது? இல்லை.

எல்லாரையும் பொதுவாக முன்னே தள்ளிக்கொண்டு போகிற ஓட்டம் ஒன்று இருக்கிறது. ரசாயனத்துக்கு அது நீரின் ஓட்டம். ஆனால் சிலர் குறுக்குச் சந்தில் புகுந்து முன்னால் போய்விடுவார்கள், சிலர் சுற்றிக்கொண்டு வருவார்கள். கிளம்பும்போது நெருக்கமாக இருந்த கூட்டம் போகப் போக நீளமாகவும் அகலமாகவும் பரவிவிடும். மண்ணுக்குள் மாசும் அப்படித்தான் பரவுகிறது. அதனால் நடுப்பகுதி நீர்த்துப்போகும். ஆனால் முதல் துளி கணக்கிட்ட நாளுக்கு முன்பே கிணற்றுக்கு வந்துவிடும்.

வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். பானகம், மோர், சாப்பாடு. பந்தலுக்குப் பந்தல் நின்று போகிறவர் பின்தங்குவார். மண்ணில் உள்ள மக்கிய இலைதழை, கரிமப்பொருள் ஆகியவைதான் இந்தப் பந்தல்கள். பல ரசாயனங்கள் அவற்றில் ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து விடுபட்டு, மறுபடி நீரோடு போகும். நீரைவிட எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பதைப் 'பின்தங்கல் காரணி' என்கிறார்கள். அந்தக் காரணி 3 என்றால், நீருக்கு நான்கு ஆண்டு பிடிக்கும் தூரத்துக்கு ரசாயனத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு.

கடைசியாக, பாதி வழியில் வீடு திரும்பிவிடுபவர்கள். அவர்கள் பத்துமலைக்கு வந்து சேரப்போவதே இல்லை. அதுதான் சிதைவு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ரசாயனத்தைத் தின்று வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. எவ்வளவு காலத்தில் பாதியாகக் குறையும் என்பதை 'அரை ஆயுள்' என்ற எண்ணால் குறிக்கிறார்கள்.

கணினி மாதிரி செய்வது இவ்வளவுதான். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு ஒட்டிக்கொண்டது, எவ்வளவு சிதைந்தது என்று மளிகைக் கடைக் கணக்குப்போல எழுதிக்கொண்டே போகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1980களில் வெளியிட்ட 'மோட்ஃப்ளோ' என்ற நிரல்தான் நீரோட்டக் கணக்குக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. அதன்மேல் ரசாயனக் கணக்குப் போட 'எம்டி3டி' போன்ற நிரல்கள் உள்ளன. நிரல் இலவசமாகவே கிடைக்கும். அதில் போட வேண்டிய எண்கள்தான் கிடைக்காது.

ஓர் எண் மாறினால் என்ன ஆகும்?

மேலே போட்ட கணக்கையே தொடருவோம். கசிந்த இடத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 320 மைக்ரோகிராம் ரசாயனம். கிணற்றை அடையப் பன்னிரண்டு ஆண்டு. பரவலால் நீர்த்துப்போவதை எளிமைக்காக விட்டுவிடுங்கள். குடிநீரில் இருக்கக்கூடிய வரம்பு 5 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம்.

அரை ஆயுள் இரண்டு ஆண்டு என்று ஒருவர் போடுகிறார். பன்னிரண்டு ஆண்டில் ஆறு முறை பாதியாகும்: 160, 80, 40, 20, 10, 5. கிணற்றுக்கு வரும்போது சரியாக 5. "வரம்புக்குள் இருக்கிறது" என்று அறிக்கை எழுதலாம்.

இன்னொருவர் அரை ஆயுள் ஐந்து ஆண்டு என்று போடுகிறார். அதே மண், அதே கசிவு, அதே கிணறு. கிணற்றுக்கு வருவது சுமார் 60 மைக்ரோகிராம். வரம்பைப்போல் பன்னிரண்டு மடங்கு.

நிலத்தில் ஒன்றும் மாறவில்லை. கணினியில் 2 என்று தட்டிய இடத்தில் 5 என்று தட்டினார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணை அந்த இடத்திலேயே அளந்து எடுத்தார்களா, புத்தகத்தில் இருந்ததை எடுத்துப் போட்டார்களா? இந்தத் துறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன்.

சிதைவு வேகம் இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். பெட்ரோலில் உள்ள பென்சீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் உள்ள நீரில் நுண்ணுயிர்கள் அதை வேகமாகத் தின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்த பிறகும் தின்னும், ஆனால் மெதுவாக. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி அருகே 1979 ஆகஸ்டில் எண்ணெய்க் குழாய் வெடித்து ஏறக்குறைய 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அந்த இடத்தை 1980களிலிருந்து விஞ்ஞானிகள் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். நீர் போன தூரத்துக்கு மாசு போகவில்லை; நுண்ணுயிர்கள் வழியிலேயே பிடித்து வைத்தன. இயற்கை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பதற்குப் பலரும் காட்டும் இடம் அது. ஆனால் எண்ணெய் இன்னும் அங்கே மண்ணுக்குள் கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிதைந்துவிட்டால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. துணிகளை டிரை கிளீனிங் செய்யப் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீன் என்ற திரவம் இருக்கிறது. சுருக்கமாகப் பிசிஇ. ஆக்சிஜன் இல்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் அதிலிருந்து குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றும். முதலில் அது டிசிஇ எனப்படும் ட்ரைகுளோரோஎத்திலீன் ஆகும். அப்புறம் டைகுளோரோஎத்திலீன். அதற்குப் பிறகு வினைல் குளோரைடு. கடைசியில்தான் தீங்கற்ற எத்திலீன்.

டிசிஇ, வினைல் குளோரைடு இரண்டுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்டவை. ஆகவே சங்கிலி பாதியில் நின்றுவிட்டால் மண்ணில் மிச்சமிருப்பது முதலில் கொட்டியதைவிட மோசமான பொருளாக இருக்கலாம். "பிசிஇ அளவு குறைந்துவிட்டது" என்று மட்டும் ஓர் அறிக்கை சொன்னால், அது என்னவாக மாறியது என்று கேளுங்க.

இந்தத் திரவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பெட்ரோல் நீரில் மிதக்கும்; பிசிஇ நீரைவிடக் கனம் என்பதால் கீழே இறங்கிவிடும். இறங்கிய இடத்தில் தங்கி, பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும்.

முப்பது ஆண்டு முன்பு குடித்த நீர்

இந்தக் கணக்கெல்லாம் யாருக்கு முக்கியம் என்று நினைக்கலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் என்ற மரீன் படை முகாம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

முகாமுக்குள் டராவா டெரஸ் என்பது வீரர்களின் குடும்பங்கள் குடியிருந்த பகுதி. அங்கு குடிநீர் வந்தது நிலத்தடிக் கிணறுகளிலிருந்து. முகாமுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், 1953இல் ஒரு டிரை கிளீனிங் கடை திறந்தார்கள். அந்தக் கடையின் பிசிஇ கழிவு மண்ணில் இறங்கியது. சில நூறு மீட்டர் தள்ளி இருந்த ஒரு குடிநீர்க் கிணறு அதை உறிஞ்சியது. முகாமின் மற்றொரு பகுதியான ஹாட்நாட் பாயிண்டில் முகாமின் சொந்தக் கழிவுகளாலேயே டிசிஇயும் பென்சீனும் கலந்தன.

நீரில் இந்த ரசாயனங்கள் இருப்பது 1980களின் தொடக்கத்தில்தான் சோதனையில் தெரிந்தது. மாசுபட்ட கிணறுகளை 1985இல் மூடினார்கள். டராவா டெரஸ் குடிநீரில் அளக்கப்பட்டதில் மிக அதிகம் ஒரு லிட்டருக்கு 215 மைக்ரோகிராம் பிசிஇ. அமெரிக்காவின் இன்றைய வரம்பு 5.

இப்போது பிரச்சினை வருகிறது. 1953 தொடங்கி 1980 வரை குடும்பங்கள் என்ன குடித்தன? யாரும் அளக்கவில்லை. 1961இல் அங்கே கருவுற்றிருந்த ஒரு தாய், 1974இல் அங்கே தவழ்ந்த ஒரு குழந்தை. அவர்கள் குடித்த நீர் எப்போதோ போய்விட்டது. அதை மறுபடி பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப முடியாது.

அமெரிக்க அரசின் நச்சுப்பொருள், நோய்ப் பதிவு அமைப்பு (ஏடிஎஸ்டிஆர்) கணினி மாதிரியைப் பின்னோக்கி ஓடவிட்டது. 1951 முதல் 1994 வரை, மாதம் மாதமாக, மொத்தம் 528 மாதங்கள். நிலத்தைப் பக்கத்துக்கு 15 மீட்டர் கொண்ட சதுரங்களாகப் பிரித்தார்கள். பழைய நீர்மட்ட அளவுகள், கிணறு தோண்டிய பதிவுகள், 1980களில் எடுத்த சோதனை முடிவுகள் எல்லாவற்றோடும் கணக்கு ஒத்துப்போகும்வரை எண்களைத் திருத்தினார்கள். இப்படித் திருத்துவதை 'அளவீட்டுடன் பொருத்துதல்' என்பார்கள்.

2007இல் முடிவு வந்தது. பின்தங்கல் காரணி ஏறக்குறைய 3. நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு சிதைவு, அதாவது அரை ஆயுள் நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. கடையிலிருந்து மண்ணில் இறங்கிய பிசிஇ நாளொன்றுக்குச் சுமார் 1,200 கிராம்.

1,200 கிராம் என்பது எவ்வளவு தெரியுமா? பிசிஇ கனமான திரவம் என்பதால் அது முக்கால் லிட்டர்கூட இல்லை. ஒரு சின்ன மினரல் வாட்டர் பாட்டிலுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஒரு கிராம் பிசிஇ 2 லட்சம் லிட்டர் நீரை 5 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். இந்தப் பெருக்கலை நீங்களே போட்டுப் பாருங்க.

கணக்கின்படி, டராவா டெரஸ் குடிநீர் 1957 நவம்பரில் வரம்பைத் தாண்டியது. கடை திறந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தை 1987இல் மூடும்வரை ஏறக்குறைய 30 ஆண்டுகள், 346 மாதங்கள், வரம்புக்கு மேலேயே இருந்தது.

பின்தங்கல் காரணி 3 இருந்தும் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது? கிணற்றின் மோட்டார்தான் காரணம். இரவும் பகலும் நீரை இழுக்கும் கிணறு தன்னைச் சுற்றி நீர்மட்டத்தைக் கீழே இறக்கிவிடும். சரிவு கூடும், ஓட்டம் கூடும், மாசு கிணற்றை நோக்கி இழுக்கப்படும். மேலே நாம் போட்ட நான்கு ஆண்டு, பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் மோட்டார் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உண்மையான கணக்குகளில் அது பெரும்பாலும் முக்கியப் பாத்திரம். கேம்ப் லெஜூனில் எந்த மாதம் எந்தக் கிணற்றை எவ்வளவு ஓட்டினார்கள் என்பதற்குப் பல ஆண்டுகளுக்குப் பதிவே இல்லை. அந்த இடங்களை ஊகத்தால் நிரப்ப வேண்டியிருந்தது.

அந்தக் கணக்கு சரியா?

இங்கேதான் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. மாசுபட்ட அந்தக் கிணற்றில் 1985 ஜனவரியில் அளந்தபோது 1,580 மைக்ரோகிராம் இருந்தது. கணினி மாதிரி அந்தக் கிணற்றுக்குக் காட்டிய உச்ச அளவு 851. ஏறக்குறைய பாதி. ஒரு நாள், ஒரு வாளி நீரில் அளந்ததையும் 15 மீட்டர்ச் சதுரத்தின் ஒரு மாதச் சராசரியையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் எண்ணைத் துல்லியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆய்வாளர்களும் அதை மறைக்கவில்லை. எண்களை நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றிப் போட்டு ஓடவிட்டார்கள். பெரும்பாலான ஓட்டங்களில் நீர் வரம்பைத் தாண்டிய காலம் 1957 அக்டோபருக்கும் 1958 ஆகஸ்டுக்கும் இடையில் விழுந்தது. ஓர் எண்ணுக்குப் பதில் ஒரு வரம்பைச் சொல்வது எப்போதும் நல்ல அடையாளம்.

இருந்தும் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு 2009இல் கடுமையாக விமர்சித்தது. அளவீடுகள் மிகக் குறைவு, சரிபார்க்க முடியாத அனுமானங்கள் பல. மாதவாரியாக இவ்வளவு என்று சொல்லும் அளவுக்கு இந்தக் கணக்கு தாங்காது, பொதுவான மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. முன்னாள் வீரர்கள் பலர் அந்த அறிக்கையால் கொதித்துப்போனார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. "1963 மார்ச்சில் நீங்கள் குடித்தது இத்தனை மைக்ரோகிராம்" என்று ஒருவரிடம் சொல்ல இந்தக் கணக்கால் முடியாது. ஆனால் 1950களின் பிற்பகுதியிலிருந்தே அந்த நீர் கெட்டிருந்தது என்பதை எண்களை எப்படி மாற்றிப் போட்டாலும் அசைக்க முடியவில்லை. பெரிய கேள்விக்குப் பதில் உறுதி, சின்னக் கேள்விக்குப் பதில் தெளிவில்லை. கணினி மாதிரி எதைச் சொன்னாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது.

அங்கே பணிபுரிந்தவர்களின் உடல்நலம் குறித்த பிந்தைய ஆய்வுகளில் இந்தக் கணக்குகள் பயன்பட்டன. அவற்றில் கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில் இருந்த வீரர்களோடு ஒப்பிட்டபோது, கேம்ப் லெஜூன் வீரர்களிடையே புற்றுநோயால் ஏற்பட்ட மரணங்கள் கூடுதலாக இருந்தன. 2012இல் மருத்துவ உதவிக்கான சட்டமும், 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க வழிசெய்யும் சட்டமும் வந்தன. 1953 ஆகஸ்ட் முதல் 1987 டிசம்பர்வரை குறைந்தது 30 நாள் அங்கே இருந்தவர்களுக்கு அது பொருந்தும். மாத அளவை ஒவ்வொருவருக்கும் நிரூபிக்கச் சொல்லாமல் நாள் எண்ணிக்கையைச் சட்டம் எடுத்துக்கொண்டது. மேலே சொன்ன தெளிவின்மையை நினைத்தால் அது புத்திசாலித்தனமான முடிவு.

ஒரே அளவீடு, இரண்டு கதை

அளவீட்டுடன் ஒத்துப்போனால் கணக்கு சரி என்றுதானே அர்த்தம்? இல்லை. அதில் ஒரு பொறி இருக்கிறது.

கசிந்து பத்து ஆண்டு கழித்துச் சோதித்தபோது மாசு 100 மீட்டர் வந்திருக்கிறது என்று வையுங்கள். நீர் வேகமாக ஓடுகிறது, ரசாயனம் மண்ணில் நன்றாக ஒட்டுகிறது என்று எண்களைப் போட்டாலும் 100 மீட்டர் வரும். நீர் மெதுவாக ஓடுகிறது, ரசாயனம் அவ்வளவாக ஒட்டுவதில்லை என்று போட்டாலும் 100 மீட்டர் வரும். இன்றைய நிலவரத்தில் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் நாளைக்குப் பக்கத்தில் புதுக் கிணறு தோண்டினால் இரண்டும் வேறு வேறு பதிலைச் சொல்லும்.

எது உண்மைக் கதை என்று கண்டுபிடிக்க, மண்ணில் ஒட்டாத, சிதையாத ஒரு பொருளைக் கூடவே பின்தொடர வேண்டும். சாதாரண உப்பில் உள்ள குளோரைடு அதற்கு ஏற்றது. பந்தலில் நிற்காமல், பாதியில் திரும்பாமல் நேராகப் பத்துமலைக்கு நடக்கிறவர் மாதிரி. கனடாவின் போர்டன் படைத்தளத்தில் 1982 ஆகஸ்டில் இதைச் செய்து பார்த்தார்கள். குளோரைடு, புரோமைடு, கூடவே பிசிஇ உட்பட ஐந்து கரிம ரசாயனங்கள் கலந்த 12 கன மீட்டர் நீரை மணலுக்குள் செலுத்தினார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயிரக்கணக்கான இடங்களில் நீரெடுத்துச் சோதித்தார்கள்.

குளோரைடு முன்னால் போய்விட்டது. பிசிஇ முதலில் நீரைவிடச் சுமார் 3 மடங்கு மெதுவாகப் போனது. நாளாக ஆக அந்த இடைவெளி கூடி, ஏறக்குறைய 6 மடங்கு ஆனது. பின்தங்கல் காரணி என்று கணினியில் ஒரே எண்ணைத் தட்டுகிறோமே, இயற்கையில் அது ஒரே எண்ணாக இருப்பதில்லை என்று அந்தச் சோதனை காட்டிவிட்டது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

கிளந்தான் சமவெளியின் மேல் அடுக்கு ஆறு கொண்டுவந்து சேர்த்த மணல். ஆழம் குறைவு, நீரை நன்றாக விடும். நிறைய நீர் கிடைப்பதற்கும் அதுதான் காரணம், மேலே கொட்டுவது சுலபமாகக் கீழே இறங்குவதற்கும் அதுதான் காரணம். அங்கே மக்கள் அதிகம் புகார் சொல்வது துணியை மஞ்சளாக்கும் இரும்பைப் பற்றி. அது பெரும்பாலும் மண்ணிலேயே இயற்கையாக இருப்பது. கண்ணில் படும். வயலில் போடும் உரத்திலிருந்தும் கழிப்பறைத் தொட்டிகளிலிருந்தும் வரும் நைட்ரேட் கண்ணில் படாது, காய்ச்சினாலும் போகாது. காய்ச்சினால் நீர் வற்றி அதன் அடர்த்தி கூடவே செய்யும். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து.

நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. பந்தலில் நிற்காத கூட்டம் அது. நீரின் வேகத்திலேயே வரும். ஆக்சிஜன் இல்லாத அடுக்குகளில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும் என்பது ஓர் ஆறுதல். எனவே ஆழமில்லாத வீட்டுக் கிணறும், களிமண் அடுக்குக்குக் கீழே இறங்கும் ஆழ்துளைக் கிணறும் ஒரே கம்போங்கில் இருந்தாலும் ஒரே மாதிரி நீர் தராது.

மலேசியாவில் சுற்றுச்சூழல் துறைக்கும் கனிம, புவி அறிவியல் துறைக்கும் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் கிணறுகள் உள்ளன. உங்கள் பகுதியில் தொழிற்பேட்டையோ குப்பைமேடோ வருவதற்கு முன் சுற்றுச்சூழல் அறிக்கை பொதுப்பார்வைக்கு வைக்கப்பட்டால், நிலத்தடி நீர்ப் பகுதியைத் திறந்து பாருங்க. வண்ண வண்ண வரைபடங்களைத் தாண்டிப் போனால் எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று இருக்கும். சிதைவு வேகத்துக்கு எதிரே "அந்த இடத்தில் அளந்தது" என்று இருக்கிறதா, "நூல்களிலிருந்து" என்று இருக்கிறதா? மோட்டார் ஓடும் கிணறுகளைக் கணக்கில் சேர்த்தார்களா? ஒரே எண்ணைத் தந்தார்களா, ஒரு வரம்பைத் தந்தார்களா? சிதைந்து உண்டாகும் பொருள்களையும் பார்த்தார்களா? இந்த நான்கையும் கேட்க நீங்கள் விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை.

சொந்தக் கிணறு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கிணறு தோண்டிய ஆண்டு, ஆழம், எந்த ஆழத்தில் மணல், எந்த ஆழத்தில் களிமண், மோட்டார் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எப்போது சோதித்தீர்கள், முடிவு என்ன. இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கேம்ப் லெஜூனில் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடியும் முழுதாகக் கிடைக்காத விவரங்கள் இந்த மாதிரியானவைதான்.